தீர்த்தம் பட்ட மீட்டர்

1

அயர்லாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊருக்கு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் பேனா மழையைப் பற்றித்தான் ஓடுகிறது. தேயிலை மலைச் சித்திரபுரத்துக்காரனுக்கு மழையைத் தவிர வேறு எது கண்ணில் படும்? இந்த முறையும் தண்ணீர்தான் விஷயம். ஆனால் இது சூசையப்பர் திருநாளன்று நானே கேட்டு, தெளிக்க வைத்த தண்ணீர். அதனால் என் பேரனுடைய வேலை போக இருந்தது. என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: மின்வாரியத்தின் ஸ்டோரில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் என் தொழிலைக் கேட்டார்கள். ஸ்டோர்கீப்பர் என்றேன். எதிரே இருந்த பெண் சிரித்த முகத்தோடு, என்ன கடை வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். நான் விளக்க விளக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் கடைக்காரன் என்றே பதிந்துகொண்டாள். இந்த நாட்டுக் கணக்கில் நான் சித்திரபுரத்தில் கடை வைத்திருந்தவன்.

எண்ணுகிற பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. பீங்கான் இன்சுலேட்டரும் போல்ட்டும் எண்ணிய கண்ணுக்கு இங்கே வேறு வேலை இல்லை. ஜன்னலருகே உட்கார்ந்தால் எதிர் வரிசை வீடுகளின் புகைபோக்கிகளை எண்ணுகிறேன். பதினான்கு. நேற்றும் பதினான்குதான்.

"ஒண்ணு கொறஞ்சா யாருக்குப்பா ரிப்போர்ட் அனுப்புவீங்க?" என்று என் மகள் ஸ்டெல்லா கேட்கிறாள். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் வேறொரு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுக்கு வருவார். வீட்டில் மற்ற நாட்களில் நாங்கள் மூன்று பேர்: நான், ஸ்டெல்லா, அவளுடைய ஒரே மகன் ஜோயல்.

2

ஜோயல் போன வருடம் பள்ளி முடித்தான். நல்ல மதிப்பெண். கல்லூரியில் இடமும் கிடைத்தது. வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேலை கற்கப் போகிறேன் என்றான்.

ஸ்டெல்லா அன்று டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூ மாட்டியபடியே கத்தினாள்.

"எங்க தாத்தா தேயிலை வெட்டுற கவாத்துக் கத்தியோட மலையேறினாரு. எங்கப்பா ஸ்டோர்ல நாற்காலி போட்டு உக்காந்தாரு. நான் கடல் தாண்டி வந்தேன். நீ திரும்ப ஸ்குரூ டிரைவர எடுக்கியாக்கும்?"

"மம்மி, பக்கத்து வீட்டு லியம் அண்ணன் டிகிரி முடிச்சு காபி ஷாப்ல நிக்கிறான். அவன் வீட்டு ஃபியூஸ் போனா நான்தான் போய்ப் பாக்கணும்."

"அப்பா, நீங்க சொல்லுங்க அவன்கிட்ட."

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதில்தான் தகராறு. முதல் நாள், உழைப்பில் மேல் கீழ் கிடையாது என்று சொன்னேனாம். அடுத்த நாள், கரண்டோடு விளையாடாதே, கல்லூரிக்குப் போ என்று சொன்னேனாம். இரண்டும் சொல்லியிருப்பேன். இரண்டையும் நம்பித்தான் சொன்னேன். என் ஸ்டோரில் கையுறை வாங்கிக்கொண்டு போன லைன்மேன் ஒருவர் அதைத் திருப்பி ஒப்படைக்க வரவேயில்லை. அடக்கம் முடிந்து அவருடைய சகலை வந்து ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் கையுறையை வாங்கிவைத்தவன் எப்படி ஒரே பக்கமாகப் பேசுவான்?

இங்கே இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கே மூன்று தடவை கேட்டுத்தான் புரிந்தது. ஆள் நேராகப் போய் வகுப்பில் சேர முடியாது. முதலில் ஒரு முதலாளி கிடைக்க வேண்டும். இவனை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் எழுதி அனுப்பினால்தான் வகுப்பில் பெயர் ஏறும். பிறகு நான்கு வருடம் அவரிடம் வேலை செய்தபடியே கற்க வேண்டும்; நடுநடுவே வகுப்பு. முதல் வாரத்திலிருந்தே சம்பளம் உண்டு. முதலாளி இல்லையென்றால் பயிற்சியே இல்லை.

ஜோயலுக்குக் கெவின் என்று ஒருவர் கிடைத்தார். இரண்டு வண்டி, ஐந்து ஆட்கள் வைத்து வீடுகளுக்கு வயரிங் செய்பவர். கொஞ்ச நாள் கூட வா, பார்க்கலாம், மே மாதம் முடிவதற்குள் உன்னை எடுப்பதா இல்லையா என்று சொல்கிறேன் என்றார். ஒரு கித்தான் பையில் சாமான்களும் கொடுத்தார். எல்லாம் கம்பெனி சொத்து. அந்தப் பையோடுதான் ஜோயல் காலையில் போவான், மாலையில் வருவான். அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் சாமான்களை எண்ணிவிடுவேன். மொத்தம் பதினொன்று. அதில் பெரியது ஒரு மஞ்சள் மீட்டர். சுவருக்குள் ஓடும் வயரின் உறை நன்றாக இருக்கிறதா, எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அது சரியென்று காட்டினால்தான் வீட்டுக்கு மின்சாரம் விடுவார்கள்.

3

ஏப்ரல் கடைசி நாள் என் தங்கை புஷ்பம் போன் செய்தாள். அவள் உடும்பஞ்சோலையில் இருக்கிறாள். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவள்; இப்போது முழங்கால் விடுவதில்லை. கடைசி மகன் பிரகாஷ் அவளோடு இருக்கிறான். இருபத்தாறு வயது.

"நாளைக்குத் திருநாளுல்லாண்ணே. பிரகாஷோட சாமான் பையக் கோயிலுக்குக் கொண்டு போறேன்."

"இந்த வருசமுமா?"

"பின்னே? கொண்டு போகாமலா?"

சூசையப்பர் தச்சர், உழைப்பாளிகளின் பாதுகாவலர். மே முதல் தேதி அவருடைய திருநாளில் எங்கள் எஸ்டேட் கோயில்களில் அவரவர் தொழில் சாமானைக் கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் வைப்பார்கள். கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொளுந்துக் கூடை, ஜீப் சாவி, தையல்காரியின் கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக இருக்கும். பூசை முடிந்ததும் சாமியார் செபம் சொல்லி அவற்றை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். நான் ஸ்டோரின் சாவிக்கொத்தைக் கொண்டு போவேன். மந்திரித்த சாமானுக்கு வேலை நிலைக்கும் என்பார்கள்.

பிரகாஷின் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மூன்று பயிற்சி முடித்தவன். முதலில் டூ வீலர் ரிப்பேர். பிறகு கம்ப்யூட்டர். மூன்றாவது, சோலார் தகடு மாட்டுகிற வேலை. மூன்றும் இலவசம். மதியச் சாப்பாடு உண்டு, ஒரு டி-சர்ட் உண்டு, கடைசி நாளில் குரூப் போட்டோ உண்டு. பாடம் மலையாளத்தில் நடந்தது. அதில் அவனுக்குக் கஷ்டமில்லை. சோலார் பயிற்சி முடிந்ததும் பாலித்தீன் உறை போட்ட சாமான் பை ஒன்றும் கொடுத்தார்கள்.

பிறகு வேலை என்று கொச்சிக்கு அழைத்துப்போனார்கள். ஒரு துணிக்கடையில் வாசல் காவல். தகடு மாட்டப் படித்தவன் கதவைத் திறந்து மூடினான். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டான். காண்ட்ராக்டர்களிடம் போனால் முன் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, எங்காவது வேலை பார்த்துவிட்டு வா என்றார்களாம். ஒரு அரசு வேலைக்கு மனுப் போட்டான். அதற்கான சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீசில் தாத்தா காலத்து நிலப் பத்திரம் கேட்டார்கள். மூன்று தலைமுறையாக எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களிடம் நிலப் பத்திரம் எங்கே இருக்கும்? தோட்டத்திலாவது ஏறலாமென்றால், அடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் வருகிற பெண்களும் அசாமிலிருந்து வந்த பையன்களும் போதும் என்கிறார்கள். அவனுக்கும் அதில் ஏற மனமில்லை.

அவன் பை உறை பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இறங்கி, கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, திரும்ப அலமாரி ஏறிவிடும். இது மூன்றாவது திருநாள்.

"அந்தப் பயலு பை என்னாச்சுண்ணே, நம்ம ஜோயலு பை? அங்கயும் மந்திரிப்பாகளா?"

"இங்க அந்தப் பழக்கம் இருக்கிறதாத் தெரியல."

"மந்திரிக்காத சாமானையா தெனமும் தூக்கிட்டுப் போறான்? அதும் கரண்டு வேல! நீங்க வீட்டுல இருந்துக்கிட்டு என்னண்ணே பாத்துக்கிட்டு இருக்கீக?"

புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை.

4

மறுநாள் மாலையில் பூசை. ஜோயல் வேலை முடிந்து வந்து பையை வாசலில் போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முப்பது வருடம் ஸ்டோரில் உட்கார்ந்து, ஒப்புதல் இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதவன், கம்பெனி சாமானை யாரிடமும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பது அப்போது தோன்றவேயில்லை. கோயிலுக்குப் போகிற சாமான் வெளியே போவதாக எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை.

கோயிலில் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். நான் பையைப் பீடத்துப் படியில் வைத்தேன். அங்கே வேறு எந்தச் சாமானும் இல்லை. பூ அலங்கரிக்கிற அம்மாள் ஒருத்தி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வெளியே போகிற கதவைப் பார்த்தாள். நான் வேகமாக உள்ளறைக்குப் போய்ச் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நைஜீரியாவிலிருந்து வந்த இளைஞர். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கள் ஊரில் மண்வெட்டியும் மோட்டார் சைக்கிள் சாவியும் கொண்டுவருவார்கள். நான் இங்கே வந்து ஒருவர்கூடக் கொண்டுவரவில்லை," என்றார்.

பூசை முடிந்ததும் பைக்கு முன்னால் வந்து நின்றார். "மூடியிருந்தால் எப்படி? திறங்கள்," என்றார். நான் ஜிப்பை முழுவதும் திறந்தேன். மந்திரித்தார். பிறகு தெளித்தார். இங்கத்துக் குருக்கள் விரல் நுனியால் உதறுவதுபோலத் தெளிப்பார்கள். இவர் தம் ஊர்க் கணக்குக்குத் தெளித்தார், மூன்று வீச்சு. என் சட்டை நனைந்தது. பூ அலங்கரிக்கிற அம்மாளின் கண்ணாடியும் நனைந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து சாமான்களை எண்ணினேன். பதினொன்று. ஜிப்பை மூடி, வாசலில் அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

5

காலையில் ஜோயல் கிளம்பும்முன் மீட்டரை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அன்று எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அதன் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்தது போல இருந்தது. ஓரத்தில் இரண்டு துளி ஓடியது.

"தாத்தா, என் பேக் யார் ஓப்பன் பண்ணது?"

சொன்னேன். சூசையப்பர், திருநாள், புஷ்பம் பாட்டி, நைஜீரியச் சாமியார் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய தமிழ் பாதி வழியிலேயே நின்றிருக்கும். கடைசியில் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுதான்.

"வாட்டர்? என் மீட்டர்ல? தாத்தா, இது கரண்ட் பாக்குற திங். இதுல வாட்டர் போட்டீங்களா?"

"தீர்த்தம்டா."

"தீர்த்தம் வாட்டர் இல்லையா?"

ஒரு துணியால் துடைத்தேன். ஹீட்டர் மேல் வைக்கலாமா என்று கேட்டேன். அவன் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா வந்தாள். எட்டு மாதமாக இந்த வேலை வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டவள். பிள்ளை பக்கம் நின்றுகொண்டு என்னைப் பிடித்துவிட்டாள்.

"அப்பா! இந்த மாசக் கடைசியில அவர் முடிவு சொல்லணும்! இப்பப் போயி இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே! அவன வேலைக்கு எடுக்கலன்னா என்ன செய்வான்? காலேஜ் சீட்டும் போச்சு!"

"நீதானே வேண்டாம்னு சொன்ன?"

"நான் வேண்டாம்னு சொல்லுவேன். அதுக்குன்னு நீங்க தண்ணி ஊத்துவீங்களா?"

வேண்டுமென்றே செய்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அறைக்குள் நின்றது. நானும் அதை யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் பையைத் தூக்கினேன். கரண்டு வேலை அவனுக்கு வேண்டாம் என்கிற பயமும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே தோளில்தான் பையைச் சுமந்தன. எது எவ்வளவு என்று பிரித்து எண்ண எனக்குத் தெரியவில்லை.

ஜோயல் ஒரு பேப்பர் டேப்பைக் கிழித்து மீட்டரின் குறுக்கே ஒட்டினான். அதில் 'உபயோகிக்க வேண்டாம், ஈரம்' என்று ஆங்கிலத்தில் எழுதினான்.

"அதச் சொல்லாட்டி என்னடா? அதுவாக் காஞ்சிரும்," என்றாள் ஸ்டெல்லா.

"இது தப்பா ஓகேன்னு காட்டினா, அந்த வீட்டு ஆன்ட்டி சுவிட்ச் தொடுவாங்க, மம்மி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

6

அன்று மாலை வாசலில் வண்டி வந்து நின்றது. ஜோயலை இறக்கிவிட்டுக் கெவினும் இறங்கினார். தடித்த மனிதர், காதுக்குப் பின்னால் பென்சில். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபடும். பிடிபட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா டீ போட்டாள். நான் எழுந்து நின்று, தவறு முழுவதும் என்னுடையது, பையனுக்கு எதுவும் தெரியாது, மீட்டர் செலவை நான் ஏற்கிறேன் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உட்காருங்கள்," என்றார் கெவின். "மீட்டரைச் சோதிக்க அனுப்பிவிட்டேன். தரையில் விழுந்தால் அனுப்புவோம், மழையில் நனைந்தால் அனுப்புவோம். கோயிலில் நனைந்தது இதுதான் முதல் தடவை. எங்கள் ஆட்கள் இவனை இன்றைக்கு முழுவதும் ஃபாதர் என்றுதான் கூப்பிட்டார்கள்."

ஜோயல் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒன்று கேட்கலாமா? உங்கள் ஊரில் இதை எதற்காகச் செய்கிறீர்கள்?"

"வேலை நிலைப்பதற்காக," என்றேன்.

"நிலைக்கிறதா?"

வாயைத் திறந்தேன். உடும்பஞ்சோலையில் அலமாரி மேல் இருக்கும் பை கண் முன்னால் வந்தது. மூன்று திருநாள். டீ ஆறுகிறது என்றேன்.

கெவின் குடித்தார். "இவனுக்காக என்றால் நீங்கள் தாமதமாகத்தான் போயிருக்கிறீர்கள். இவன் பேரைப் போன வாரமே எழுதி அனுப்பிவிட்டேன். மாதக் கடைசியில் சொல்லலாமென்று வைத்திருந்தேன். இன்றைக்கு அவனே மீட்டரில் டேப் ஒட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இனி எதற்கு ஒளிப்பது?"

ஸ்டெல்லா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா, எதற்காக அழுதாள் என்று கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் குடித்து முடிக்காத கோப்பையில் மறுபடி டீ ஊற்றினாள்.

போகும்போது கெவின் வண்டியைத் தட்டிக் காட்டினார். "அடுத்த வருடம் இதையும் கொண்டுபோங்கள். பிரேக் சரியில்லை."

7

புஷ்பத்துக்குச் செய்தி சொல்ல வேண்டுமே. மறுநாள் போன் செய்தேன். பை திறந்தது, தண்ணீர் விழுந்தது, கெவின் வந்தது, நான்கு வருடப் பயிற்சி உறுதியானது எல்லாவற்றையும் சொன்னேன். போன வாரமே பெயர் அனுப்பியாகிவிட்டது என்பதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கத்திவிட்டாள்.

"பாத்தீகளா! தீர்த்தம் சாமான்லயே பட்டுருக்கு! அதாம்ணே! நாங்க மூணு வருசமாக் கவரப் பிரிக்காமல்லா வச்சோம். தண்ணி பூராவும் கவர் மேல விழுந்து வழிஞ்சு போச்சே. பிரகாஷு! ஏல பிரகாஷு! அந்தப் பைய எறக்குலே!"

போனைக் கீழே வைக்கிற சத்தம். பிரகாஷின் குரல் தள்ளிக் கேட்டது.

"யம்மா, பிரிக்காத. கவரோட இருந்தாத்தான் யாராச்சும் வாங்குவாங்க. பிரிச்சா பாதி வெலகூடத் தரமாட்டாங்க."

"விக்கப் போறியாக்கும்! மந்திரிச்ச சாமான!"

"அப்ப அதுக்கு ஒரு ஜோலி வாங்கிக் குடு. மூணு கோர்சு படிச்சேன், மூணு பனியன் கெடச்சுது." போனைக் கையில் எடுத்தான். "மாமா, நீங்க சொல்லுங்க. அங்க மொதலாளி கெடச்ச பெறகுதான் படிப்பா?"

"ஆமா பிரகாஷ்."

"அப்ப எனக்குப் படிப்பக் குடுத்தவங்க மொதலாளிய எங்க வச்சிருந்தாங்க?"

நான் யோசித்தேன். அந்த மூன்று பயிற்சியிலும் சேரச் சொன்னவர்களில் நானும் ஒருவன். சொல்லிக்கொடுத்தவர்களும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. சாமான்களும் நல்ல சாமான்கள். எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் பாலித்தீன் கிழிகிற சத்தம் கேட்டது. புஷ்பம் சொன்னால் செய்துவிடுவாள். ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைக்கும் ஓசை ஐயாயிரம் மைல் தாண்டி வந்தது. நான் இங்கிருந்தே எண்ணினேன். ஒன்பது. எங்கள் ஜோயலுடையதைவிட இரண்டு குறைவு.

பிரகாஷ் திட்டுவது நின்றிருந்தது. ஏதோ ஒரு குமிழைத் திருகுகிற சத்தம், கிடுக், கிடுக் என்று.

"மாமா," என்றான். குரல் மாறியிருந்தது. "இந்த மல்டிமீட்டர் எரியவே இல்ல. இதுல பேட்டரியே போட்டுக் குடுக்கலபோல."

"என்ன பேட்டரி, பின்னால பாரு. சதுரமா ஒரு குழி இருக்குதா?"

"இருக்கு."

"ஒன்பது வோல்ட்டு. கடையில கேளு."

"இருங்க, போயிட்டு வாரேன்."

போனைத் தாயிடம் கொடுக்காமலே போய்விட்டான். செருப்பு மாட்டுகிற சத்தம், கதவுச் சத்தம். புஷ்பம் பின்னாலேயே, "ஏல, சாப்பிட்டுட்டுப் போலே," என்று கூப்பிடுவது கேட்டது.

பெயர் போன வாரமே போய்விட்டது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடும்பஞ்சோலையில் அந்தப் பேட்டரி இப்போது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.